கட்டடத்தம்மா அனுப்பிய படம்

படத்தின் மேல் அம்புக்குறியை வைத்து, மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் ‘சேமி’ என்று ஒரு பட்டியல் விரிய வேண்டும். விரியவில்லை. அதற்குப் பதில் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, என்னவென்றே தெரியாத ஒரு மொழியில் ஒரு வரி சொல்லிவிட்டு மறைந்தது. சட்டக்காரர் மறுபடி அழுத்தினார். பெட்டி மறுபடி வந்து அதையே சொன்னது.

“திட்டுது போல,” என்றாள் மனைவி.

“திட்டலை. ஏதோ சொல்லுது.”

“ஒரே விஷயத்தை ரெண்டாவது தடவை சொன்னா அதுக்குப் பேரு திட்டறதுதாங்க.”

படங்களுக்கு மரச்சட்டம் செய்து கொடுப்பது அவர் தொழில். கடைத்தெருவில் எல்லோரும் சட்டக்காரர் என்றே கூப்பிடுவார்கள். கடையின் பின்பாதியில் மரமும் ரம்பமும் பசையும் இருந்தன. அது அவர் ராஜ்யம். முன்பாதியில் கணினியும் பிரிண்டரும் இருந்தன, அது மனைவியுடையது. மரத்தைக் கையில் கொடுத்தால் நாலு மூலையும் ஒட்டின இடம் தெரியாமல் சேர்த்துவிடுவார். மவுஸைக் கொடுத்தால் இழைப்புளி மாதிரி மேசை விளிம்பு வரை தள்ளிக்கொண்டு போவார். ஆனாலும் இந்த வேலையை நானே செய்வேன் என்று அன்றைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

காரணம், வேலையைக் கொடுத்தவர் கட்டடத்தம்மா. கடை இருந்த கட்டடம் அந்த அம்மாளுடையது. பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருந்தவர், நடுச்சுவரை இடித்து இரண்டு கடையையும் ஒன்றாக்கிக்கொள்கிறேன் என்று போன மாதம் அவரிடம் கேட்டிருந்தார். “யோசிச்சுச் சொல்றேன்” என்று கட்டடத்தம்மா சொன்ன நாளிலிருந்து சட்டக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடத்தை விட்டால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட வேறு இடம் கிடையாது. இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தகவல் வந்தது.

‘இதுபோல் ஒன்று செய்து கொடுக்கவும். வெள்ளிக்கிழமை வருகிறோம். கடை விஷயம் உங்கள் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.’ அதற்குக் கீழே ஒரு லிங்க்.

லிங்க்கைத் திறந்தால் ஒரு மனிதர் சிரித்தார். அறுபது வயது மதிக்கலாம். நரைத்த தாடி, தேய்த்த சட்டை, கையில் ஒரு கோப்பை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு விளக்கு, ஒரு பூந்தொட்டி, பின்னால் வெள்ளைச் சுவர், சுவரில் ஏதோ படம். கீழே அந்தப் புரியாத மொழியில் நாலைந்து வரி. அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் 60/90.

“யாருங்க இவரு?”

“வேற யாரா இருக்கும்? அம்மாவோட வீட்டுக்காரர்தான்.”

“அவங்களுக்கு வீட்டுக்காரர் உண்டா? இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட்டிக்கிட்டு வந்ததில்லையே. ஒரு பேச்சுக்கூட எடுத்ததில்லை.”

“அதான் சொல்றேன். உயிரோட இருந்தா எடுத்திருப்பாங்க.”

மனைவி திரையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். “நல்ல முகம். பாவம். அது என்ன, அறுபது தொண்ணூறு? அறுபதுல பொறந்து தொண்ணூறுல போயிட்டாரா?”

“முப்பது வயசுலயா? தாடி வெளுத்துக் கிடக்கு, பாக்கலையா? அறுபது வயசு. தொண்ணூறாம் வருஷம். அப்படிப் படிக்கணும்.”

கணக்கு சரியாக வந்ததில் இருவருக்கும் திருப்தி. மனைவி மட்டும் ஒரு யோசனை சொன்னாள். “அம்மாகூட ஒருத்தர் வருவாரே, அவர்கிட்ட கேட்டா விவரம் தெரியுமே.”

அவள் சொன்னது குடைக்காரரை. கட்டடத்தம்மா எப்போது வந்தாலும் இரண்டடி பின்னால் குடையும் பையும் சுமந்துகொண்டு ஒரு ஒல்லியான வயதானவர் வருவார். அம்மா உள்ளே வந்து பேசுவார். குடைக்காரர் வாசலிலேயே நின்று தெருவைப் பார்ப்பார். அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. பழைய கணக்குப்பிள்ளை என்று சட்டக்காரர் முடிவு கட்டியிருந்தார். டிரைவர் என்பது மனைவியின் கட்சி. கார் எங்கே என்று கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

“அவர் பேசி நீ கேட்டிருக்கியா? விடு. படத்தை எடுக்கற வழியைப் பாரு.”

வலது பக்கம் ஒத்துழைக்காததால் இடது பக்கத்தை முயன்றார். படத்தைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். ஒரு சின்னச் சதுரம் வந்து உட்கார்ந்தது. சட்டக்காரர் கையைத் தட்டிக்கொண்டார். சதுரத்தைத் திறந்தால் அது மறுபடியும் அதே பக்கத்துக்கே அழைத்துப் போனது.

“வாசல் கதவைப் பேத்துக்கிட்டு வந்திருக்கீங்க. வீடு அங்கேயே இருக்கு,” என்றாள் மனைவி.

“அப்போ அங்கேயிருந்தே அச்சடிச்சிடறேன்.”

இருந்ததிலேயே நல்ல காகிதத்தைப் பிரிண்டரில் வைத்து அச்சடித்தார். முதல் தாளில் நெடுக எழுத்து வந்தது. இரண்டாவது தாளின் அடியில் அந்த மனிதரின் தலை, மீசை வரை வந்தது. மூன்றாவது தாளின் மேலே தாடியும் மீதி உடம்பும் வந்தன. அதற்குப் பிறகும் நிறுத்தத் தெரியாமல் பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் மனைவி கம்பியைப் பிடுங்கினாள்.

“செத்தவரை இப்படி ரெண்டாக்கிட்டீங்களே,” என்றாள்.

அதன் பிறகு மனைவி தன் போனை எடுத்து, படத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். படம் சேமிக்கப்பட்டது என்று வந்தது. இவ்வளவு நேரம் நான் எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்கிற மாதிரி சட்டக்காரர் அவளைப் பார்த்தார். ஆனால் அதைக் கணினிக்கு மாற்றி, படம் அச்சடிக்கும் பழைய மென்பொருளில் திறக்கப் போனால், இந்தக் கோப்பு என்ன வகை என்றே எனக்குத் தெரியவில்லை என்று அது கைவிரித்துவிட்டது.

இனி மச்சானைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மச்சான் என்பது மனைவியின் தம்பி. போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. கணினியைப் பற்றி எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொன்னதே இல்லை. அதுதான் அவனிடம் இருந்த ஒரே கோளாறு.

“அது புது ஃபார்மட் மாமா,” என்றான் போனில். “பேரை மாத்துங்க, சரியாயிடும்.”

சட்டக்காரர் மாற்றினார். “கட்டடத்தம்மா வீட்டுக்காரர்னு போட்டேன். அப்பவும் திறக்கலை.”

“அந்தப் பேரு இல்லை மாமா. புள்ளிக்கு அப்புறம் வால் மாதிரி நாலு எழுத்து இருக்கும் பாருங்க. அதை எடுத்துட்டு நான் சொல்றதைப் போடுங்க.”

வாலை வெட்டி வேறு வால் ஒட்டினார்கள். கோப்பு சேதமடைந்துவிட்டது என்று செய்தி வந்தது.

“அது எப்படி மாமா, பேரை மாத்தினா படம் மாறிடுமா?” என்று மச்சான் கேட்டான்.

“நீதானேடா மாத்தச் சொன்னே.”

“சரி, வைங்க. நானே வர்றேன்.”

மதியம் வந்தான். வந்ததும் பக்கத்தை முழுசாகவே சேமித்துவிடலாம் என்றான். சேமித்தான். கணினியில் ஒரு ஃபோல்டர் முளைத்தது. அதற்குள் அம்பு, கோடு, நட்சத்திரம், பூதக்கண்ணாடி, ஒரு தள்ளுவண்டி என்று குட்டிக் குட்டிப் படங்கள். நகம் அளவில் அந்த மனிதரும் ஒரு மூலையில் இருந்தார்.

“தள்ளுவண்டி எதுக்கு?” என்றாள் மனைவி.

சட்டக்காரர் சற்று நேரம் அதைப் பார்த்தார். “தள்ளுவண்டி வியாபாரத்துல ஆரம்பிச்சு முன்னுக்கு வந்திருப்பாரு. அதை மறக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க.”

“பெரிய மனுஷன்தான்,” என்றான் மச்சான்.

நகத்தளவு படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினார்கள். முகம் குளியலறைத் தரை மாதிரி கட்டம் கட்டமாக வந்தது. ஒரு கட்டத்தில் மூக்கு இருந்தது. எந்தக் கட்டம் என்பதில்தான் மூவருக்கும் மூன்று அபிப்பிராயம்.

“பேசாம அம்மாகிட்டயே நல்ல படமா ஒண்ணு கேட்டுடுங்க,” என்றாள் மனைவி. “இதுல என்ன கௌரவம்?”

“ஒரு படம் எடுக்கத் தெரியாதவனுக்கு எதுக்குக் கடைன்னு கேட்டுட்டா?”

“கேக்காமலே காலி பண்ணச் சொல்றதுக்கு, கேட்டுட்டுச் சொல்லட்டுமே.”

அரை மனசாக ஒரு தகவல் அனுப்பினார்: ‘அம்மா, இதைவிடத் தெளிவாக வேறு படம் கிடைக்குமா?’ உடனே பதில் வந்தது. ‘லிங்க்கில் நன்றாகத் தெரிகிறதே. உங்கள் தொழில்தானே இது?’

சட்டக்காரர் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகு கட்டடத்தம்மாவிடம் கேட்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

திரையை அப்படியே படம் பிடிக்கலாம் என்று மச்சான் அடுத்த வழி சொன்னான். பிடித்தார்கள். படத்திலிருந்த பெரியவரின் நெஞ்சின் மேல் ஒரு நீலப் பட்டை விழுந்திருந்தது. ஏதோ சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினார்கள். பட்டை போய், மூக்குக்குக் கீழே ஒரு பச்சை வட்டம் வந்து, உங்களுக்கு உதவி வேண்டுமா என்கிற தோரணையில் துள்ளியது. அதை மூடினார்கள். முழுப் பக்கத்தையும் மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்தது.

“இதுக்கெல்லாம் ஒரு கருவி இருக்கு மாமா,” என்றான் மச்சான். “பிரவுசர்ல அதை மாட்டிட்டா பக்கத்துல இருக்கற அத்தனை படத்தையும் உறிஞ்சி எடுத்துடும்.”

“முன்னாடியே மாட்டியிருக்கலாமே.”

“கொஞ்சம் ஆபத்தானது.”

“என்ன ஆபத்து?”

“தெரியலை. ஆபத்தானதுன்னு போட்டிருக்கு.”

மாட்டினார்கள். கருவி சொன்னபடி உறிஞ்சியது. அந்தப் பக்கத்தோடு நிற்காமல், அந்தத் தளத்தில் இருந்த எல்லாப் பக்கத்தையும் உறிஞ்சியது. கூடவே பிரவுசரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பெண் குரல், இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான் என்று அறிவிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் சட்டக்காரருக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

வந்து குவிந்த படங்களில் அந்தப் பெரியவர் பல இடங்களில் இருந்தார். மாடிப்படியில் நின்றார். சமையலறையில் கோப்பையைக் கழுவினார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு அறை.

“எத்தனை வீடு வச்சிருந்திருக்காரு பாரு,” என்றார் சட்டக்காரர்.

மனைவி வேறொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோபாவில் பெரியவர், அவர் தோளில் கை போட்டு ஒரு பெண்மணி. அந்தப் பெண்மணி கட்டடத்தம்மா இல்லை.

“தங்கச்சியா இருக்கும்,” என்றார் சட்டக்காரர்.

“தங்கச்சி இப்படியா பாப்பா?”

இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான் என்றது கணினி.

“அதான் அம்மா எப்பவும் சிடுசிடுன்னு இருக்காங்க,” என்றாள் மனைவி கடைசியில். “எவ்வளவைத் தாங்கியிருக்காங்க. அப்படியும் படம் போட்டு மாட்டணும்னு நினைக்கறாங்களே. நாம இதைப் பத்தி மூச்சு விடக் கூடாது.”

அந்தப் படத்தை அழித்தார்கள். குவியலில் வெறும் சுவர்கள், மரத்துண்டுகள், ஏதேதோ மூலைகள் என்று வேண்டாத படங்களும் நிறைய இருந்தன. சட்டக்காரர் அவற்றையும் பார்க்கப் பொறுமையில்லாமல் மொத்தமாகக் குப்பையில் தள்ளினார். அடியில், அவர்கள் தேடின அதே படம், அச்சுப் பிசகாமல், பெரிய அளவில் கிடைத்தது. தாடியில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. மூன்று பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் ஒன்றை அச்சடித்துச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தபோது மனைவி தலையைச் சாய்த்தாள்.

“என்னமோ உறுத்துது.”

“என்ன?”

“தலைக்குப் பின்னாடி பாருங்க. சுவத்துல மாட்டியிருக்கற அந்தப் படத்தோட மூலை, சரியா உச்சந்தலையில கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு.”

சொல்லும் வரை தெரியவில்லை. சொன்ன பிறகு கொம்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதோடு கட்டடத்தம்மா முன்னால் போய் நிற்க முடியாது. மச்சான் விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். பின்னால் இருந்ததை அழிக்க ஆரம்பித்தார்கள். கொம்பை அழித்தால் காது கொஞ்சம் போனது. காதைத் திரும்ப ஒட்டினால் அது பூந்தொட்டியின் இலையோடு சேர்ந்து வந்தது. இலையைத் துடைத்தால் சுவரில் அழுக்குப் படிந்தது. பொழுது சாயும் நேரத்தில் பெரியவருக்குப் பின்னால் பாலில் கழுவின மாதிரி வெறும் வெள்ளைச் சுவர் மட்டும் நின்றது. அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். படத்தின் அடியில் மறக்காமல் 60/90 என்று பொன்னிறத்தில் போட்டார்கள்.

பின்பாதியில், வாரத் தொடக்கத்தில் சட்டக்காரர் ஆசையாக எடுத்து வைத்த மரம் அப்படியே கிடந்தது. ஒரு பக்கம் இழைத்திருந்தது. மூலைக்குப் பென்சிலில் கோடு போட்டிருந்தது. ரம்பம் படவில்லை.

“மரத்துல செய்யப் போறேன்னு சொன்னீங்களே,” என்றாள் மனைவி வெள்ளிக்கிழமை காலையில்.

“எங்கே நேரம்? ஒட்டினா காயறதுக்கே ஒரு நாள் வேணும்.”

“அப்போ?”

சட்டக்காரர் பரண்மேல் இருந்து ஒரு ரெடிமேட் பிளாஸ்டிக் சட்டத்தை இறக்கினார். தங்க நிறம். நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பூ. இதையெல்லாம் விற்கிறவனை மனுஷனாகவே மதிக்கக் கூடாது என்று பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று விட்டுப்போனது அது.

“இதுலயா?” என்றாள் மனைவி.

“முகம் எப்படி வந்திருக்கு, அதைப் பாரு. சட்டத்தை யாரு பாக்கப் போறாங்க?”

முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

சாயங்காலம் கட்டடத்தம்மா வந்தார். இரண்டடி பின்னால் குடைக்காரர் வந்து வாசலில் நின்றார். செருப்புக் கடைக்காரரும் தற்செயலாக வந்தவர் போலத் தன் கடை வாசலுக்கு வந்து, நடுச்சுவரைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

“ஆச்சா?” என்றார் கட்டடத்தம்மா.

“ஆச்சும்மா.” மேசைமேல் துணி போட்டு மூடியிருந்ததைச் சட்டக்காரர் இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் சாய்த்தார். துணியை மெதுவாக இழுத்தார். படத்துப் பெரியவர் சிரித்தார்.

கட்டடத்தம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மௌனத்தைச் சட்டக்காரரால் தாங்க முடியவில்லை. “ஐயாவோட சிரிப்பு அப்படியே வந்திருக்குங்கம்மா. மூணு பேரா உக்காந்து செஞ்சோம். கண்ணைப் பாருங்க, பேசற மாதிரியே இருக்கு.”

“மனசைத் தேத்திக்குங்கம்மா,” என்றாள் மனைவி. அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. “ஆம்பளைங்க ஆயிரம் தப்புப் பண்ணுவாங்க, இருந்தாலும் நம்ம மனசு பெரிசு.”

கட்டடத்தம்மா அவளைப் பார்த்தார். சட்டக்காரரைப் பார்த்தார். பிறகு பெரியவரின் தலைக்கு மேலே வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

“எங்கே?” என்றார்.

“எது எங்கேம்மா?”

கட்டடத்தம்மா வாசல் பக்கம் திரும்பினார். “இங்க கொஞ்சம் வந்து பாருங்க.”

குடைக்காரர் குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, முதல் தடவையாகக் கடைக்குள் காலெடுத்து வைத்தார். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். படத்துக்கு மிக அருகில் குனிந்தார். பெரியவரின் தலைக்கு வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். வெள்ளைச் சுவரை விரலால் தடவினார். சட்டத்தைத் தூக்கித் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிளாஸ்டிக் பூவை நகத்தால் சுண்டினார். அது டக் என்று ஒலித்தது.

“பழைய விசுவாசம்,” என்று மனைவி சட்டக்காரரின் காதில் கிசுகிசுத்தாள்.

குடைக்காரர் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“இந்த ஆளு யாருன்னு எங்களுக்குத் தெரியாது தம்பி, இவர் தலைக்குப் பின்னாடி அறுபதுக்குத் தொண்ணூறு அளவுல ஒரு மரச்சட்டம் மாட்டியிருந்துச்சே, அதுமாதிரி ஒண்ணு உங்க கையால செஞ்சு தரச் சொல்லித்தான் என் வீட்டுக்காரி கேட்டா, அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”